ஒரு நாள் முந்திய ஆறாட்டு

அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதியை எனக்கும் கொடுத்தார்கள். விஷுவை ஒட்டி எங்கள் தெருச் சபையின் மண்டபத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழா அது. வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது போலவே ஒரு மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, புத்தகம். நான் மூன்றாவது வரிசையில் தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் வாழ்த்துரை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்துப் பிரித்தேன். முதல் வாக்கியம் இது: “இன்று தண்ணீர் நாலு ஐம்பதுக்கே வந்துவிட்டது, குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தது.”

இருமுவது எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாய். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.

அடுத்த பக்கமும் என்னுடையது. அதற்கடுத்ததும். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். கைதட்டல் கேட்டபோதெல்லாம் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு நானும் தட்டினேன். அட்டையில் சபைச் செயலாளரின் பெயர். பின்னட்டையில் கன்னத்தில் விரல் வைத்த அவருடைய படம். ஏழாண்டுகளாக விடியற்காலையில் எழுந்து தெருவுக்காகத் தான் எழுதிய குறிப்புகளிலிருந்து தேர்ந்தவை இவை என்று முன்னுரையில் சொல்லியிருந்தார். செயலாளர் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் நான்காவது. அவர் வாசலில் போட்ட பால் பாக்கெட் எட்டு மணிக்குத்தான் உள்ளே போகும். ஏழாண்டுகளில் அதில் மாற்றமில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்தது என்பதுதான் என் வேலை. தேதி முத்திரை இல்லாத காகிதத்தைத் தொடமாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். காலை நாலே காலுக்கு எழுந்து, பல் தேய்த்து, கோலம் போட்டு, நாலே முக்காலுக்கு எழுத உட்காருவேன். ஐந்துக்குள் எழுந்துவிடுவேன், ஏனென்றால் ஐந்துக்குக் குழாயில் தண்ணீர்.

மலையாள தேசத்தில், ஸ்ரீவராகம் என்னும் பேட்டையில், எங்கள் தெருவில் ஒரு நாளைத் தொடங்க நாலு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். தண்ணீர் எத்தனை மணி வரை, கரண்ட் எப்போது போகும், கோவிலில் என்ன விசேஷம், அதனால் எந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள். இதை நான் தினமும் காலையில் “இன்று” என்று தொடங்கி எழுதிச் சபையின் இணையதளத்தில் போடுவேன். அதோடு கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று: கோடி வீட்டு மாடிப்படியில் காயும் அப்பளம், பொன்முடி மலைக்குப் போய்வந்த யாரோ வாசலில் உதறிய சிவப்பு மண், மழையில் நனைந்தபடி மணியடிக்கும் சைக்கிள். தெருவில் காப்பியோடு அதைத்தான் படிப்பார்கள். பம்பாயிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும். தளத்துக்கு ஒரே கணக்குதான் இருந்தது. நான் போடுவதன் கீழே “செயலாளர்” என்று தானாக விழும். அதை மாற்றச் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் பிழை அது. தெருவில் பத்துப் பேருக்கு எழுதுவது நான் என்று தெரியும். மற்றவர்களுக்கும் வெளியூருக்கும் எழுதுவது செயலாளர்.

மறுநாள் சாயந்திரம் சபை மண்டபத்துக்குப் போனேன். செயலாளர் மீந்த நாற்காலிகளை அடுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ மாமி. புஸ்தகம் பாத்தேளா? எப்படி இருக்கு?”

“நன்னா இருக்கு அண்ணா. நான்தானே எழுதினேன்.”

அவர் சிரித்தார். கோபமே வரவில்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

“அல்ல மாமி, தளத்துல என்ன போட்டிருக்கு? செயலாளர்னுதானே? நான்தானே செயலாளர்? பின்னே?”

“எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எழுதறது யாரு வேணா எழுதலாமே. தண்ணி வந்தது, கரண்ட் போச்சு. இதுல என்ன இருக்கு? அதைச் சேர்த்து, ஒரு ஷேப் கொடுத்து, புஸ்தகமாக்கினது யாரு? நாலு பேர் தெருவைப் பத்திப் படிக்கட்டுமேன்னு பண்ணினேன். நீங்க சந்தோஷமல்லவா படணும்!”

“அடுத்த பதிப்புல என் பேர் வரணும்.”

“நவராத்திரிக்கு மலையாளத்துல வரப்போறது. எல்லாம் டிரான்ஸ்லேட்டருக்குக் கொடுத்தாச்சு மாமி. இனி ஒண்ணும் மாத்தறதுக்கில்லை.”

அதற்கு அடுத்த நாள் நாலே நாற்பத்தேழுக்குத் தளத்தில் நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மூன்று முறை தட்டினேன். ஏழாண்டுகளாக என் விரலுக்குத் தெரிந்த சொல் அது. ஒன்பது மணிக்கு, அவர் பால் பாக்கெட்டை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, வாசலில் நின்று கேட்டேன்.

“பாஸ்வேர்டு சபையோடது மாமி. ஆளோடது இல்லை,” என்றார். பிறகு, ஏதோ உதவி செய்வது போல, “ஃப்ரீயா எத்தனையோ ப்ளாக் இருக்கே, நீங்க தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்கோங்கோளேன். என்ன கஷ்டம்? தண்ணி வர்றதைத்தானே எழுதப்போறேள்!” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது.

அந்தச் சிரிப்பையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

இதை நீதிக்காகச் செய்தேன், எழுத்தின் மானத்துக்காகச் செய்தேன் என்றெல்லாம் நான் எழுதினால் அது பொய். பழி வாங்கவேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் பழியையும் ஒழுங்காகத்தான் வாங்கவேண்டும். நவராத்திரிக்கு ஐந்தரை மாதம் இருந்தது. அதற்குள் அந்தக் குறிப்புகள் என்னுடையவை என்று தெருவும் வெளியூரும் அறியவேண்டும். இல்லாவிட்டால் மலையாளத்திலும் அவர் பெயர் ஏறிவிடும். பிறகு அதை இறக்க என்னால் ஆகாது.

என் கையில் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று, தளத்தில் ஏற்றும் முன் நான் எழுதிப்பார்க்கும் நோட்டுப் புத்தகங்கள். ஆனால் நோட்டை யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அவர் சொல்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். மற்றது, தளத்தில் போட்டவுடன் எனக்கும் வந்துசேரும் மின்னஞ்சல். பழையதை அழிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஏழாண்டு மடல்களும் வந்த நேரத்தோடு அப்படியே கிடந்தன. அவற்றை வைக்க ஓரிடம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இடம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஒருவர் கதவைப் பூட்டியதால் வெளியே நிற்பவள், இன்னொருவர் கதவுக்குள் போய் உட்காரக்கூடாது. தளத்தை நடத்தும் மென்பொருளின் மூலநிரல் யாருக்கும் திறந்திருக்கவேண்டும். அது ஓடும் இயந்திரம் என் வீட்டில் இருக்கவேண்டும்.

நோட்டில் கோடு போட்டேன். மேலே மூன்று மென்பொருள்கள். இடப்பக்கம் ஒன்பது கேள்விகள். பெயர்களை இங்கே எழுதவில்லை. குறை சொல்லும்போது எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்கவேண்டும் என்பது ஆவணப் பிரிவில் பழகியது. கேள்விகளில் முக்கியமானவை இவை: எழுதிய தேதியையும் ஏற்றிய தேதியையும் தனித்தனியே வைக்குமா? தமிழ்த் தலைப்பைத் தின்றுவிடாமல் இருக்குமா? எது எப்போது திருத்தப்பட்டது என்று பழைய வடிவத்தையும் காட்டுமா? வேண்டாம் என்று நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியேறலாமா? படிப்பவர் பதில் எழுத இடம் உண்டா? கடைசிக் கேள்வி, ஒரு பக்கத்தை வேண்டியபோது எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி நிறுத்த முடியுமா? அந்தக் கேள்வியை ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. கை எழுதியது.

எங்கள் பெண் வேலைக்குப் போனபின் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று அலமாரிக்கு மேல் இருந்தது. அதில் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு வாரம் ஓட்டினேன். மூன்றிலும் அதே பத்துக் குறிப்புகள், அதே வரிசை. முதலாவது பெரியது, எல்லோரும் வைத்திருப்பது. காலையில் நான் எழுத உட்கார்ந்தால், அதைப் புதுப்பிக்கவேண்டும், இதைப் புதுப்பிக்கவேண்டும் என்று அது தன் பாட்டைப் பாடும். இரண்டாவது பார்க்க அழகு. வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம், எழுதத் தோன்றும். ஆனால் தமிழில் தலைப்புக் கொடுத்தால் பக்கத்தின் முகவரியில் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. போதாததற்குச் சந்தாதாரர் எத்தனை பேர் என்று தினமும் விசாரித்தது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குறிப்பும் சாதாரண எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் கெடாது. ஆனால் பதில் எழுத இடமில்லை, திருத்தியதன் தடமும் இல்லை. பழி வாங்குகிறவளுக்கு இரண்டும் அவசியம். செயலாளர் ஏதாவது மறுத்து எழுதினால், எழுதிய நிமிஷத்தோடு அது பதிவாகவேண்டும். எனவே பெரியதையே எடுத்து, தேவையற்றதை எல்லாம் கழற்றி எறிந்தேன்.

என் கணவர் இதையெல்லாம் நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆத்துக்குள்ள ஒரு சர்வராம்! ஹோட்டல் சர்வரா இருந்தாலும் ஒரு காப்பி கொண்டுவந்து வைப்பான்.”

“சும்மா இருங்கோ.”

“வெறுதே எதுக்குடி இந்த வம்பு? அவன் பேர் போட்டுண்டா போட்டுக்கட்டும். உன் எழுத்து உன்கிட்டதானே இருக்கு?”

“உங்க பென்ஷன் புஸ்தகத்துல அவர் பேர் போட்டுண்டா சும்மா இருப்பேளா?”

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டார்.

நிறுவுவதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் கட்டளை அடிக்கவேண்டும். ஒரு புள்ளி தவறினால் திட்டும். ஒவ்வொரு கட்டளையையும் முதலில் நோட்டில் எழுதி, பிறகு அடித்து, சரியானால் பக்கத்தில் டிக் போட்டேன். மூன்றாவது ஞாயிறு முக்கால்வாசி முடிந்திருந்தபோது இடி இடித்தது. இந்த ஊரில் இடி கேட்டால் எல்லா வீட்டிலும் ஒருவர் எழுந்து பிளக்கைப் பிடுங்குவார். கேபிள் வயரையும் கழற்றுவார். எங்கள் வீட்டில் அது கணவரின் பொறுப்பு. நான் “வேண்டாம்” என்று கத்துவதற்குள் திரை அணைந்துவிட்டது. தரவுத்தளம் பாதியில் உடைந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி.

“மோடம் பொசுங்கியிருந்தா?” என்றார் அவர், வயரைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் நோட்டில் டிக்குகளை எல்லாம் அடித்துவிட்டுத் தேதி போட்டேன்.

நான்காவது ஞாயிறு அவசரப்பட்டேன். அமைப்புப் பக்கங்களில் இரண்டாவதைப் படிக்காமலே “அடுத்து” என்று அமுக்கினேன். இருபத்தெட்டு வருடத்தில் படிக்காமல் நான் நகர்த்திய முதல் காகிதம் அது என்று நினைக்கிறேன். திங்கள் காலை நாலே முக்காலுக்கு என் தளத்தில் முதல் குறிப்பை ஏற்றினேன். தலைப்பும் எழுத்தும் சரியாக வந்தன. மேலே தேதி மட்டும் ஞாயிற்றுக்கிழமையினுடையது.

கணினியின் கடிகாரத்தைப் பார்த்தேன், சரி. சுவர்க் கடிகாரம், சரி. தேதிக் காலண்டரையும் பார்த்தேன். பிறகுதான் தாண்டிப்போன அந்த இரண்டாவது பக்கத்துக்குத் திரும்பினேன். அங்கே ஊர் கேட்டிருந்தது. நான் சொல்லாததால் அதுவாகவே உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டிருந்தது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நமக்குத் திங்கள் விடியற்காலை நாலே முக்கால் என்றால் அந்தக் கணக்கில் இன்னும் ஞாயிறுதான். பட்டியலில் நம் ஊர் இல்லை, கொல்கத்தாதான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். தேதி திங்களுக்கு வந்தது.

ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. குழாய் இருமிவிட்டுப் பேச ஆரம்பித்ததும் கேட்டது. தண்ணீர் பிடிக்கப் போகாத ஒரே காலை அதுதான். ஏனென்றால் இந்த ஒரு நாள் முந்திய தேதி எனக்குப் பழக்கமானது. சபையின் தளத்திலும் அப்படித்தான் காட்டும். இரண்டு முறை செயலாளரிடம் சொல்லியிருந்தேன்.

“அண்ணா, தேதி ஒரு நாள் முன்னாடி காட்டறது. கொஞ்சம் சரியாக்கணும்.”

“அதை யாரு பாக்கப்போறா மாமி? விஷயம் சரியா இருக்கோல்லியோ?”

செயலாளரின் புத்தகத்தை அரிசி டப்பாவுக்கு அடியில், உயரத்துக்காக வைத்திருந்தேன். உருவி எடுத்தேன். ஆறாட்டு எழுதிய பக்கத்தைத் தேடினேன். “இன்று ஆறாட்டு. சாயந்திரம் சுவாமி நீராட விமான ஓடுபாதை வழியாகக் கடலுக்குப் போவதால் விமான நிலையம் மூடியிருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவரப் போகிறவர்கள் நேரம் கேட்டுக்கொண்டு கிளம்பவும்.” அதற்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு தேதி. ஆறாட்டுக்கு முந்தைய நாள்.

புத்தகத்தில் ஐந்து ஆறாட்டுகள் இருந்தன. ஐந்தும் முந்தைய நாள்.

தெருவில் யாருடைய கல்யாணத் தேதியும் மறக்கலாம், ஆறாட்டு மறக்காது. வருடத்தில் இரண்டு தரம், பங்குனியிலும் ஐப்பசியிலும், விமானங்கள் நிற்கும் நாள். நாள் தெரியாமல் டிக்கெட் எடுத்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அன்று காலையில் எழுந்து “இன்று ஆறாட்டு” என்று தன் கையால் எழுதிய ஒருவர், அதற்கு முந்தைய நாளின் தேதியைப் போடமுடியுமா? தளத்திலிருந்து படியெடுத்தவர்தான் போடமுடியும்.

அடுத்த மூன்று வாரம் அலுவலகத்திலிருந்து வந்ததும் அதே வேலை. புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு வந்த மடலைத் தேடி, வந்த நேரத்தைக் குறித்தேன். இருநூற்றொன்றுக்குப் புத்தகத்தின் தேதி ஒரு நாள் முந்தியிருந்தது. பதினொன்றுக்குத் தேதி சரியாக இருந்தது. அந்தப் பதினொன்று முதலில் என்னைக் கலக்கியது. பிறகு நேரத்தைப் பார்த்தேன். பதினொன்றும் காலை ஐந்தரைக்குப் பிறகு, தளத்தின் கடிகாரத்திலும் தேதி மாறியபின், போட்டவை. நோட்டை எடுத்தேன். ஏழு நாள் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பொன்முடியில், அலுவலகச் சுற்றுலா. ஒரு நாள் நாத்தனார் வீட்டில் சிராத்தம். ஒரு நாள் கரண்ட் இல்லை. அவர் புத்தகம் என்னுடைய காய்ச்சலில் மட்டும் சரியாக இருந்தது!

இன்னொன்றும் அகப்பட்டது. சில குறிப்புகளில் நான் கிழமையும் எழுதியிருந்தேன். முந்தைய நாள் தேதியோடு அது முட்டியிருக்கும். முட்டியதை யாரோ கவனித்துக் கிழமையைத் திருத்தியிருந்தார்கள். “இன்று ஞாயிறு, ஆபீஸ் இல்லை, இரண்டாவது காப்பி உண்டு” என்பது “இன்று சனி, ஆபீஸ் இல்லை” என்று ஆகியிருந்தது. செயலாளர் ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது. எந்த ஆபீஸ்?

பக்கத்தைத் தயாரித்தேன். தலைப்பு: “தேதித் திருத்தம்”. ஒரு வசைச் சொல்லும் இல்லை. மேலே நான்கு வரி: சபை வெளியிட்ட நூலில் தேதிப் பிழைகள் உள்ளன, மலையாளப் பதிப்பு வரவிருப்பதால் அதற்கு உதவியாக இருக்கட்டும் என்று சரியான தேதிகள் கீழே தரப்படுகின்றன, குறிப்புகளை எழுதியவள் என்ற முறையில் இது என் கடமை. கீழே என் முழுப் பெயர், வீட்டு எண். பிறகு பட்டியல்: புத்தகத் தேதி, குறிப்பின் முதல் வரி, மடல் வந்த தேதி, நேரம். ஐந்து ஆறாட்டுகளுக்கு நேரே மட்டும் ஒரு குறிப்பு சேர்த்தேன்: “நூல் கூறும் நாளில் விமானங்கள் வழக்கம்போல் இறங்கின.” காய்ச்சல் நாட்களுக்கு நேரே: “எழுதியவளுக்கு உடல்நலமில்லை, ஆகையால் தேதி சரி.”

அந்த வரியை எழுதிவிட்டு நான் தனியே சிரித்தேன். மறைக்கமாட்டேன்.

வெளியீடு நெருங்கட்டும் என்று காத்திருந்து, நவராத்திரிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, காலை நாலே முக்காலுக்கு அதை வெளியிட்டேன். முகவரியை என் கைப்பேசியிலிருந்து நாலே நாலு பேருக்கு அனுப்பினேன். நாலு பேரும் வாய் உள்ளவர்கள். சாயந்திரம் மாவு மில்லில் நின்றபோது வடக்குக்கோடி மாமி ஒருத்தி சத்தமாகவே ஆரம்பித்தாள்.

“ஏன் மாமி, சுவாமி போன ஐப்பசியில ரெண்டு நாள் கடலுக்குப் போனாரா? முதல் நாள் செயலாளருக்காகத் தனியா?”

மில்லே சிரித்தது. மில்லுக்காரர் மலையாளத்தில் என்னவென்று விசாரித்தார். அவருக்கு அவள் முதலிலிருந்து சொன்னாள், எனக்குத் தெரிந்ததைவிட விரிவாக.

“நீங்க காய்ச்சல்ல படுத்தாத்தான் அவருக்குத் தேதி சரியா வருமாமே?” என்றாள் இன்னொருத்தி. “பாவம், அடிக்கடி படுத்துக்கோங்கோ மாமி!”

மூன்றாம் நாள் மாலை ஐந்து பத்துக்குச் செயலாளர் வந்தார். எங்கள் வீட்டு நடையில், செருப்பைக் கழற்றாமல் நின்றார். என் கணவர் உள்ளே போய்விட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டுவேன்.

“மாமி, அந்தப் பேஜ்…”

“சொல்லுங்கோ அண்ணா.”

“பம்பாய்லேருந்து ஃபோன் மேல ஃபோன். என் பையன் கேக்கறான், என்னப்பா இதுன்னு. டிரான்ஸ்லேட்டர் வேற, முதல்ல இதைத் தீர்த்துக்கோங்கோன்னு சொல்லிட்டார். அது ஒரு பேஜ்தானே? எடுத்துடுங்கோளேன்.”

“தேதி எதாவது தப்பா இருக்கா? சொல்லுங்கோ, திருத்தறேன்.”

“தேதி இல்லை மாமி விஷயம்.”

“தேதிதான் அண்ணா விஷயம்.”

அவருக்கு நெற்றியில் வியர்வை. எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம் அது; அதைத் தேடியும் பார்த்தேன். வரவில்லை. அவர் மனைவி சிரித்த சிரிப்புதான் வந்தது.

“உதவி செஞ்சவான்னு ஒரு பேஜ் போடலாம். அதுல உங்க பேர்…”

“அட்டையில.”

“அது எப்படி நடக்கும்? எத்தனை பேர் முன்னாடி ரிலீஸ் பண்ணினது! என் மானம் என்ன ஆகும்?”

“அப்ப அந்தப் பேஜ் இருக்கட்டும். அது தெருவோடது அண்ணா. ஆளோடது இல்லை.”

அவருக்குத் தன்னுடைய வார்த்தை புரிந்ததா என்று தெரியவில்லை. வாசற்படியில் இறங்கி, திரும்பி, “இவ்வளவு வன்மம் ஆகாது மாமி,” என்றார்.

“கீழே பதில் எழுத இடம் விட்டிருக்கேன். அதையே எழுதுங்கோ. நேரம் சரியா விழும்.”

அவர் எழுதவில்லை. நவராத்திரி நிகழ்ச்சி நிரல் மண்டபத்து வாசலில் ஒட்டியபோது ஆறாவது வரியின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பசை காயாததால் கீழே இருந்த எழுத்து தெரிந்தது. மலையாள நூல் வெளியீடு. நான் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். மண்டப அலமாரியில் மீந்திருந்த தமிழ்ப் பிரதிகளையும் அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. சபையில் வேறு செயலாளர் வந்தபோது எனக்குப் பழைய தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுக்க முன்வந்தார். வேண்டாம் என்றேன். அந்தத் தளத்தில் ஊரை மட்டும் கொல்கத்தா என்று மாற்றச் சொன்னேன்.

இப்போது தெரு என் தளத்தில்தான் காலைக் காப்பி குடிக்கிறது. முகப்பில் ஒரு அறிவிப்பு வைத்திருக்கிறேன்: “இடி இடிக்கும் மாலைகளில் இந்தத் தளம் இருக்காது, வீட்டில் பிளக் பிடுங்கப்பட்டிருக்கும்.” ஐப்பசி முழுவதும் சாயந்திரங்களில் அது இருப்பதில்லை. யாரும் குறை சொன்னதில்லை. அவரவர் வீட்டிலும் அதே நேரத்தில் பிளக் கழற்றித்தான் கிடக்கிறது. ஏழாண்டுக் குறிப்புகளும் அவற்றின் சரியான நாளில், என் பெயரின் கீழ் இருக்கின்றன. பழைய செயலாளர் எதிரில் வந்தால் நான் ஒதுங்குவதில்லை. அவர் மறுபக்கம் போய்விடுகிறார்.

போதும், இனி அந்தப் பக்கத்தை இறக்கிவிடேன் என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் அது பழைய பக்கங்களோடு கீழே கிடக்கும், தேடினால்தான் கிடைக்கும். ஆனால் பங்குனியில் ஒருநாள், ஐப்பசியில் ஒருநாள், காலை நாலே முக்காலுக்கு “இன்று ஆறாட்டு” என்று எழுதி முடித்ததும் “தேதித் திருத்த”த்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி நிறுத்துகிறேன். சுவாமி கடலுக்குப் போய்த் திரும்பி, மறுநாள் தண்ணீர் வந்தபின் இறக்குகிறேன். இதுவரை நாலு ஆறாட்டு ஆகியிருக்கிறது. ஒன்றிலும் நாள் தவறவில்லை.